கருவுற்ற தாயின் அச்சமும் இல்லத்தார் கடமையும்

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் கருவுற்ற பெண்கள் அரசு சுகாதார நிலையத்திற்குச் சென்றால், இரத்தம் எடுத்துச் சோதிக்கும் நோய்களுள் எச்.ஐ.வி.யும் ஒன்று. இந்தியாவில் இக்கிருமி 1986-ஆம் ஆண்டு சென்னையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. “கிருமி உண்டு” எனக் கேட்க நேரும் சில தாய்மார்களின் மனக்கவலையைக் குறித்து இங்கே எழுதுகிறோம்.

அத்தகைய தாய்க்கு எழும் அச்சங்கள் மூன்று: குழந்தைக்கும் தொற்றிவிடுமோ என்பது ஒன்று, கணவரும் மாமியாரும் என்ன சொல்வரோ என்பது மற்றொன்று, ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்பது இன்னுமொன்று.

முதல் அச்சத்தை மருத்துவம் பெரிதும் நீக்கியுள்ளது. சிகிச்சையின்றி விட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 வரையான குழந்தைகளுக்குத் தாயிடமிருந்து கிருமி தொற்றும். முறையாக மருந்து உண்டால் அது 5-க்கும் கீழே குறைந்துவிடும். 2014 முதல் நம் நாட்டில் கிருமியுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதற்கும் கூட்டு மருந்து இலவசமாகத் தரப்படுகிறது. பிறந்த குழந்தைக்கும் சில வாரங்கள் மருந்து புகட்டுவர். எனினும் குழந்தைக்குக் கிருமி இல்லையென முடிவாக உறுதிசெய்ய 18 மாதங்கள் ஆகும். அதுவரை தாயின் உள்ளம் தத்தளிக்கும்.

மற்ற இரு அச்சங்களைப் போக்குவது நம் கையிலேயே உள்ளது. பிறர் அறிவரோ என அஞ்சுபவள் மாத்திரையை ஒளித்து வைக்கிறாள், நாள் தவறுகிறாள். மருந்து தவறினால் கிருமி பெருகும். குழந்தைக்கு ஆபத்து மிகும். ஆகவே அவளது மனக்கவலையை அற்பமென எண்ணலாகாது.

முதலில் சோதிக்கப்பட்டவள் அவள் என்பதால், கிருமியைக் கொண்டுவந்தவளும் அவளே என்று பழிப்பது தவறு. கருவுற்றதனாலேயே அவளுக்குச் சோதனை நடந்தது. கணவரும் தாமே முன்வந்து சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரே தறிக்குழியில் அமர்ந்து நெய்வதாலோ, ஒரே வயலில் களையெடுப்பதாலோ, ஒரே குவளையில் நீர் பருகுவதாலோ இக்கிருமி பரவாது. அவள் இசைவின்றிச் செய்தியை வெளியிடுவதையும், நோய் காரணமாக அவளை ஒதுக்குவதையும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது.

உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, ஓயாத அழுகை, பிறக்கப்போகும் பிள்ளையிடம் நாட்டமின்மை ஆகியவை நீடித்தால் மருத்துவரிடம் சொல்லவேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ, அவளைத் தனியே விடாது உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்க. அரசு மருத்துவமனைகளிலுள்ள நம்பிக்கை மையங்களில் ஆற்றுப்படுத்துநர் இரகசியம் காத்து ஆலோசனை கூறுவர். எச்.ஐ.வி. பற்றி 1097 என்ற எண்ணிலும், மனத்துயருக்கு 14416 என்ற எண்ணிலும் கட்டணமின்றிப் பேசலாம்.

மருந்து வாங்கச் செல்லும் நாளில் அவளுக்குத் துணை வேண்டும். அன்று தறி நின்றாலும், பருத்தி எடுப்பு ஒருநாள் தள்ளிப்போனாலும், இல்லத்தார் ஒருவர் உடன் செல்வாராக.