களைநீரில் தூண்டில்: கோலும் நூலும்

மலைநாட்டில் தூண்டில் என்றவுடன் பலர் நினைவில் எழுவது டிரவுட் மீனே. நுவரெலியாவில் அரசாங்க உத்தியோகம் வகித்த லெ மெசூரியர் என்பார் 1880களின் தொடக்கத்தில் பழுப்பு டிரவுட்டின் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து தருவித்து, இங்குள்ள குளிர்ந்த ஓடைகளில் அம்மீனைப் பரப்ப முயன்றார். பின்னர் வந்த வானவில் டிரவுட்டே ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் நிலைத்தது. தோட்டத் துரைமாருக்கு அது சொந்த ஊரின் நினைவைத் தந்த விளையாட்டு. அனுமதிச் சீட்டும் விலையுயர்ந்த கோலும் வேண்டியிருந்த அவ்விளையாட்டிலே தொழிலாளிக்குக் கிடைத்த பங்கு பெரும்பாலும் துரையின் பையைச் சுமப்பதுதான்.

இன்று நிலை வேறு. 1965இல் காசல்ரீ நீர்த்தேக்கமும், 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் நிறைந்த பின், தேயிலை மலைகளின் அடிவாரம் வரை நீர் வந்து நின்றது. லயத்துப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமையில் மூங்கிற்கோலோடு கரையில் அமர்ந்து திலாப்பியா பிடிக்கின்றனர். ஓரளவு பணம் சேர்த்தவர்கள் கடையில் மெல்லிய கோலும் ரீலும் வாங்குகின்றனர். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் கலவரங்களால் வடக்கே பெயர்ந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய மலையகக் குடும்பங்கள் பல. விடுமுறையில் அவ்வுறவினர் வீட்டுக்குச் செல்லும் இளைஞர்கள் அந்தக் கோலையே கையோடு கொண்டுபோகின்றனர். அங்கே தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய குளங்களில் அவர்களை எதிர்கொள்வது விரால். மேலே பழகிய கருவி கீழே உதவுவதில்லை. மீன் நூலை அறுத்துக்கொண்டு, வாயில் முள்ளோடு களைக்குள் மறைகின்றது. அடுத்த நாள் வேறொரு முள், வேறொரு நூல். செலவு மட்டும் மிஞ்சுகிறது. அந்த மீனும் வாயில் இரும்போடு அலைய நேர்கிறது. இதைத் தவிர்க்கும் வழி கோலையும் நூலையும் இடத்துக்கேற்பத் தெரிந்தெடுப்பதிலே இருக்கிறது.

முதலில் விராலின் இயல்பை அறிதல் வேண்டும். நீரில் உயிர்வளி குறைந்தாலும் விரால் சாவதில்லை. மேலே வந்து காற்றை உறிஞ்சிச் செல்லும் உறுப்பு அதற்கு உண்டு. ஆகவே, ஏனைய மீன்கள் திணறும் அடர்ந்த களைகளே அதற்கு வாய்த்த கோட்டை. இலைகளின் நிழலில் அசையாமல் நின்று, மேற்பரப்பில் தாவும் தவளையையோ தத்தித் திரியும் பூச்சியையோ கண்டதும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். கவ்விய மறுகணமே தலையைத் திருப்பித் தண்டுகளுக்குள் நுழையும். அப்பொழுது அது வேர்களையும் கொடிகளையும் நூலோடு சேர்த்துச் சுற்றிக்கொள்கிறது. ஒரு கிலோ மீனைத் தூக்குகிறவன் உண்மையில் அதனோடு பல கிலோ களையையும் சேர்த்தே தூக்குகிறான். நுனி நூலை நம்பி மீனைச் சோர்வடையச் செய்வதென்பது தெளிந்த ஓடையில் பயன்படும் நாகரிகம். களையில் மீனுக்கு ஐந்து நொடி கொடுத்தாலும் அது போதும், மீன் போய்விடும்.

டிரவுட்டுக்கு உகந்த கோல் எத்தகையது? மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, ஆறு துண்டுகளை ஒட்டிச் செய்த கோல்கள் ஒரு காலத்தில் பெருமை பெற்றிருந்தன. பின்னர்க் கண்ணாடியிழையும், 1970களிலிருந்து கரியிழையும் வந்தன. செய்பொருள் மாறினும் டிரவுட் கோலின் குணம் மாறவில்லை. அது நுனியிலிருந்து கைப்பிடி வரை வில்லாக வளையும். எடையற்ற இறகுப் பூச்சியை நூலின் எடையால் வீசி, கண்கூர்மை மிக்க மீனின் முன் ஓசையின்றி இறக்க அவ்வளைவு வேண்டும். அந்த வளைவே களைநீரில் குற்றமாகிறது. கோல் வளைந்துகொண்டிருக்கும் நேரத்தில் விரால் தண்டுகளைச் சுற்றி முடித்துவிடும்.

விராலுக்கான கோல் ஏழடி அளவில் இருப்பது பொருத்தம். அதன் மேற்பகுதி மூன்றிலொரு பங்கு மட்டும் வளைய வேண்டும். கீழே தடித்து உறுதியாய் நிற்க வேண்டும். கடையில் சோதிக்க எளிய வழி ஒன்றுண்டு. கோலை நீட்டிப் பிடித்து, துணைக்கு வந்தவர் நுனியை மெல்லக் கீழே இழுக்க வேண்டும். வளைவு நடுப்பகுதியைத் தாண்டிக் கைப்பக்கம் இறங்கினால் அந்தக் கோலை வைத்துவிட்டு வேறொன்றைப் பார்க்கலாம். ஆயின் இரும்புத் தடிபோல் அசையாத கோலும் உதவாது. போலித்தவளையின் எடை பத்து முதல் இருபது கிராம் வரையே. மிக விறைத்த கோல் அதை எறியாது, கைதான் நோகும். கோலின் அடியில் அச்சிட்டிருக்கும் இரை எடையையும் நூலின் வலிமையையும் வாங்குமுன் படிப்பது நல்லது. விளம்பரப் படத்தை மட்டும் பார்த்து வாங்குவோரே மிகுதி.

நீளத்திலும் அளவறிதல் வேண்டும். கரையோரக் களையைத் தாண்டி மீனைத் தூக்க நீண்ட கோல் உதவும் என்பது உண்மையே. ஆனால் குளக்கரையில் பின்னால் புதரும் மரமும் நெருங்கியிருக்கும் இடத்தில் ஒன்பதடிக் கோல் வீசுவதற்கு இடம் கிடையாது. அன்றியும் பேருந்தில் ஹட்டனிலிருந்து கிளிநொச்சி வரை அதைக் கொண்டுசெல்பவரின் பாடு சொல்லத் தேவையில்லை. இரண்டாகப் பிரியும் கோலாயின், இணைப்பு ஆடாமல் இறுகுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோலைவிட நூலே முக்கியம் எனலாம். நம்மவர் தங்கூசி என்று வழங்கும் நைலோன் நூல் மலிவானது. தெளிந்த நீரில் கண்ணுக்குத் தெரியாதது. அதன் குறை அது இழுபடுவது. இருபது மீற்றர் நூல் பத்தில் ஒரு பங்கு நீண்டால், இரண்டு மீற்றர் வீணாகிறது. கையை எவ்வளவு வேகமாகப் பின்னே இழுத்தாலும் அந்த இழுப்பு முள்ளைச் சென்று சேருமுன் பாதி கரைந்துவிடும். விராலின் வாயோ கடினமான எலும்பு. மேலும், தங்கூசி நீரினும் அடர்த்தியானது. மெல்ல அமிழ்ந்து களையினடியில் சிக்கும். மேற்பரப்பில் ஆடவேண்டிய தவளையின் மூக்கையும் அது கீழே இழுக்கும்.

இக்குறைகளைப் பின்னல் நூல் பெரும்பாலும் நீக்குகிறது. பொலிஎதிலீன் இழைகளைப் பின்னிச் செய்த இந்நூல் ஏறக்குறைய நீள்வதே இல்லை, நீரிலும் மிதக்கும். ஒரே வலிமைக்குத் தங்கூசியைவிட மிக மெல்லியதாகவும் இருக்கும். இறுகிய நிலையில் மென்மையான களைத்தண்டுகளை வாள்போல் அறுத்துக்கொண்டும் வரும். களைநீருக்கு நாற்பது இறாத்தல் முதல் அறுபத்தைந்து இறாத்தல் வரை, அதாவது சுமார் பதினெட்டு முதல் முப்பது கிலோ தாங்கும் பின்னல் நூல் ஏற்றது. மூன்று இறாத்தல் மீனுக்கு இத்தனை பலம் எதற்கு என்று கேட்பார் உண்டு. அந்தப் பலம் மீனுக்கல்ல, களைக்கு. நிறத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. இலைகளுக்கு நடுவே விரால் நூலைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

பின்னல் நூலுக்கும் தனிக் குணங்கள் உண்டு. அது வழுக்கும். தங்கூசிக்குப் போடும் சாதாரண முடிச்சு இதில் உருவிக்கொண்டு வந்துவிடும். நூலை இரட்டையாக மடித்து முள்ளின் காதில் செலுத்தி, சாதாரண முடிச்சொன்று இட்டு, அந்த வளையத்துக்குள் இரையை நுழைத்துப் பின் நனைத்து இறுக்கும் முடிச்சு நம்பத்தக்கது. ரீலின் உருளையில் நேரே பின்னலைச் சுற்றினால் முழுச்சுருளும் உருளையின் மேல் வழுக்கிச் சுழலும். ஆகையால் முதலில் சில சுற்றுத் தங்கூசியைச் சுற்றி, அதனோடு பின்னலை இணைத்துச் சுற்ற வேண்டும். நூல் எங்கேனும் மாட்டிக்கொண்டால் கையில் சுற்றி இழுத்தல் ஆகாது. விரலைச் சதைவரை அறுத்துவிடும். ஒரு குச்சியில் சுற்றி இழுப்பதே வழி.

கல்லிலும் மரக்கட்டையிலும் உராய்ந்தால் பின்னல் எளிதில் நைந்துபோகும். மலைநாட்டு நீர்த்தேக்கங்களில் தூண்டில் போடுவோர் இதை நினைவில் வைப்பது அவசியம். அந்த நீரின் அடியில் ஒரு காலத்துத் தேயிலை நிலங்கள் கிடக்கின்றன. மவுஸ்ஸாகலையில் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. கடும் வரட்சியில் நீர் வடியும்போது கோயிலின் எஞ்சிய பகுதிகள் வெளியே தோன்றுவதைக் காண ஊரார் கூடுவதுண்டு. அப்படிப்பட்ட இடங்களில் முன்னணியாக ஓர் அடி தடித்த தங்கூசியை இணைப்பதும், ஒவ்வொரு மீனுக்குப் பின்னும் நூலின் கடைசி முழத்தை விரலால் தடவிப் பார்ப்பதும் வேண்டும். நைந்த பகுதியை வெட்டிவிட்டு மறுபடி முடிச்சிட்டால் அரை நிமிடம்தான் போகும்.

கருவி சரியாக இருந்தும் மீனை இழப்போர் உண்டு. காரணம் அவசரம். நீர் சிதறியதைக் கண்டவுடன் இழுத்தால் தவளை வெறுமையாகப் பறந்து வரும். விரால் கவ்வியதும் கோலின் நுனியைத் தாழ்த்தி, நூலின் தளர்ச்சியைச் சுற்றியெடுத்து, மீனின் எடை கையில் தெரிந்த பின்னரே பலமாக இழுத்தல் வேண்டும். இழுத்தபின் தயக்கம் கூடாது; மீனின் தலை இலைகளுக்கு மேலே வரும்படி தூக்கியவாறே சுற்ற வேண்டும்.

பணம் செலவழிக்க இயலாதோருக்கு மூங்கிற்கோல் இருக்கவே இருக்கிறது. முற்றிய மூங்கிலை வெட்டி நிழலில் உலர்த்தி, கோலின் நீளத்துக்கே தடித்த நூலை நுனியில் இறுக்கிக் கட்டி, இலைகளுக்கிடையே தெரியும் சிறு நீர்க்கண்களில் இரையைத் தொட்டுத் தொட்டு எடுக்கலாம். தொலைவுக்கு எறிய முடியாதே தவிர, நூல் குறுகியதாகையால் நீட்சி என்ற குறை இங்கில்லை. இதனோடு ஒப்பிட்டால், ஒருநாட் சம்பளத்தைப் போல் பன்மடங்கு கொடுத்து வாங்கிய பொருந்தாத கோல் எவ்வகையிலும் சிறந்ததன்று.

கரியிழைக் கோலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கரியிழை மின்சாரத்தைக் கடத்தும். காசல்ரீ, மவுஸ்ஸாகலை, லக்சபான ஆகிய இடங்கள் மின்னுற்பத்திக்கென்றே அமைந்தவை. மின்கம்பிகள் கரையையும் பாதையையும் கடந்து செல்கின்றன. பிரிக்காத கோலைத் தோளில் நிமிர்த்திக்கொண்டு கம்பிகளின் கீழ் நடத்தலும், இடிமுழக்கம் கேட்ட பின்னும் கரையில் நிற்றலும் உயிருக்கே ஆபத்து. கோலைப் பிரித்துத் தாழப் பிடித்து நடக்கப் பிள்ளைகளைப் பழக்குவது பெற்றோர் பொறுப்பு.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொப்பளித்து நகர்வதைச் சில வேளை காணலாம். அவற்றின் கீழே தாயும் தந்தையும் காவல் நிற்கும். குஞ்சுகளை நெருங்கும் எதனையும் சீறித் தாக்கும். அங்கே தவளையை எறிந்தால் மீன் அகப்படுவது உறுதி. காவல் போனபின் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்களும் பறவைகளும் தின்றுவிடும். அனுபவமிக்க குளத்து மீனவர் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு அப்பால் போய்விடுவர்.

அறுந்த நூலைக் கரையில் எறிந்துவிட்டு வருதலும் ஆகாது. பின்னல் நூல் எளிதில் மக்குவதில்லை. நீர்க்காகத்தின் காலிலும் கொக்கின் சிறகிலும் சுற்றிக்கொள்ளும். அதைச் சட்டைப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கத்தரிக்கோலால் சிறு துண்டுகளாக நறுக்கிக் குப்பையில் இட வேண்டும்.