கிதார்ப் பெட்டியும் கமகமும்

பெரிய காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப் புடவைக்கும் ஒரு விலை உண்டு. நைந்து போனாலும், ஜரிகையிலுள்ள வெள்ளியைக் கணக்கிட்டு வாங்கிச் செல்வார்கள். பழைய ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. டிரான்ஸ்பார்மரிலுள்ள செம்பை எடை போட்டுக் கேட்பவர்களே அதிகம். ஆயினும் வால்வு வைத்த பழைய பெட்டியை அப்படிக் கொடுத்துவிடலாகாது. அதன் நாதத்துக்காகவே தேடி வரும் கிதார் வாத்தியக்காரர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டு வாலிபர் ஒருவர், நம்மிடம் படித்தவர், மின்சாரக் கிதாரில் கர்நாடக சங்கீதம் பயில்கிறார். பழைய பெட்டிகள் இரண்டை விற்று, கோர்வைப் புடவை நெய்த கூலியில் மிச்சம் பிடித்ததையும் சேர்த்து, 100 வாட் பெட்டி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சற்றே நிறுத்தி வைத்தோம்.

வாட் என்பது சக்தியின் அளவேயன்றிச் சப்தத்தின் அளவன்று. சக்தியைப் பத்து மடங்காக்கினால்தான் நமது செவிக்குச் சப்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றும். ஆகவே, மற்றவையெல்லாம் சமமாயிருப்பின், 100 வாட் பெட்டி 10 வாட் பெட்டியைப் போல் இரு பங்குதான் கத்தும். சுவரோடு சுவராக வீடுகள் ஒட்டி நிற்கும் தெருவில் அந்த இரண்டாம் பங்கைக் கேட்க விரும்புபவர் யார்?

வெறும் சப்தந்தான் வேண்டுமென்றால் காஞ்சிக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. 1934-இல் மறைந்த காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா, கடம், கொன்னக்கோல் என்று ஒரு பட்டாளத்தையே பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாடியவர். மறு கோடியில் வீணை தனம்மாள். 1938-இல் மறைந்த அவ்வம்மையாரின் வாசிப்பை ரஸிகர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள். இருவருக்கும் பெட்டி அவசியமாக இருக்கவில்லை.

அவசியப்பட்டது மாண்டலினுக்கு. அதன் ஸ்வரம் பிறந்தவுடனே அணைந்துவிடும். தந்தியை இழுத்து ஒரு கமகத்தை முடிப்பதற்குள் நாதம் இராது. தந்திகள் இரட்டை இரட்டையாக இருப்பதால் இழுப்பதும் கஷ்டம். 1969-இல் ஆந்திர தேசத்துப் பாலகொல்லில் பிறந்த யு. ஸ்ரீனிவாஸ் மின்சார மாண்டலினை எடுத்துக்கொண்டு, இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கினார். ஐந்தாவதாக ஒரு தந்தியையும் சேர்த்தார். 1978-இல் குடிவாடாவில் தியாகராஜ ஆராதனையில் முதற் கச்சேரி செய்தபோது அவருக்கு வயது ஒன்பது. 2014-இல் அவர் மறையும் வரையில், மின்சாரம் ஸ்வரத்துக்கு ஆயுளை நீட்டிக் கொடுக்கும் அதிசயத்தை உலகமே கேட்டது.

கடையில் சோதிக்க வேண்டியதும் இந்த ஆயுளைத்தான். சொந்தக் கிதாரையே எடுத்துச் செல்ல வேண்டும். எதிரொலி முதலிய அலங்காரங்களையெல்லாம் பூஜ்யத்தில் வைத்து, சப்தத்தையும் தாழ்த்தி, சுருதிப் பெட்டியை மீட்டிக்கொண்டு, பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு நீண்ட ஜாரு வாசித்துப் பார்க்கட்டும். ஒலி தேய்ந்து தேய்ந்து மறைகிறதா, இரைச்சலில் அமிழ்ந்து போகிறதா என்று கவனிக்க வேண்டும். மேனாட்டுப் பெட்டிகளில் பல, நாதத்தைப் பிசிறடித்து உறுமச் செய்வதற்கென்றே ஒரு திருகு உடையவை. அந்தத் திருகும் ஒலியை நீட்டும். ஆனால் கமகத்தின் நுண்மையைத் தின்றுவிடும். நம் வாலிபர் கடைசியில் 20 வாட் பெட்டியோடு திருப்தியடைந்தார். மீந்த பணம் தறிக்குப் போயிற்று.

வீட்டில் வீணை வைத்திருக்கும் நேயர்கள் இதைப் படித்துவிட்டுக் கிதார்ப் பெட்டி வாங்கப் புறப்பட்டுவிடக் கூடாது. மின்சாரக் கிதாரின் காந்தச் சுருள் எஃகுத் தந்தியைத்தான் நன்றாக உணரும். வீணையின் பித்தளைத் தந்திகள் அதன் முன் ஊமைகள். மரத்தின் அதிர்வையே வாங்கும் சிறு ஒலிவாங்கியை வீணையில் ஒட்டவைப்பதே முறை. கிதார்ப் பெட்டியின் கூம்போ உச்ச ஒலிகளை வெட்டிவிடுவது; வீணையின் மீட்டு அதில் கம்பளி போர்த்தியது போலக் கேட்கும். வீணைக்கு வேண்டியது எல்லா ஒலிகளையும் ஒக்கத் தரும் பெட்டி. எந்தப் பெட்டியானாலும், மூன்று முனைச் செருகியில் பூமிக்குப் போகும் தடித்த முனையை, சுவரில் அதற்குத் துளை இல்லையென்று ஒடித்துவிடும் வழக்கம் மட்டும் வேண்டாம். உலோகத் தந்தியைத் தொட்டுக்கொண்டிருப்பது நம் குழந்தையின் விரல்.