பள்ளித் தகவல் புரியவில்லையா? ஏர்பேடு பெற்றோரின் சந்தேகங்களும் விளக்கங்களும்

கோடை விடுமுறை முடிந்து ஜூன் 12 வாக்கில் ஆந்திரத்துப் பள்ளிகள் திறக்கும். அன்றிலிருந்து பெற்றோரின் கைப்பேசிக்குப் பள்ளித் தகவல்கள் வரத் தொடங்கிவிடும். ஆதார் நகல் கொண்டு வாருங்கள், வங்கிப் புத்தகம் கொண்டு வாருங்கள், சனிக்கிழமை கூட்டம், நாளை பள்ளி இல்லை என்று எல்லாமே தெலுங்கில் இருக்கும். காளஹஸ்திக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவே உள்ள ஏர்பேட்டில் தமிழ் பேசும் வீடுகளின் சங்கடம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. தலைமுறையாக இருப்பவர்களுக்கும், வேலைக்காக வந்து தங்கியவர்களுக்கும் தெலுங்கு காதில் விழுந்தால் புரியும். எழுத்தில் வந்தால் பலருக்குத் தடுமாற்றம். ஒரு தகவலைத் தவறவிட்டால் பணம் வருவது நிற்கலாம், பிள்ளையின் பெயர் பிழையாகவே பதிவாகிவிடலாம். அதனால் அடிக்கடி எழும் சந்தேகங்களை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்மார்ட்போன் இல்லை, பள்ளியின் வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. எனக்கு எப்படித் தகவல் வரும்?

வாட்ஸ்அப் குழு ஒரு வசதி மட்டுமே. பெற்றோருக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு பள்ளியுடையது. கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 21ஆம் பிரிவின்படி அரசுப் பள்ளிகளில் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். ஆந்திரத்தில் 2024 ஆகஸ்டில் இந்தக் குழுக்களுக்குத் தேர்தல் நடந்தது. தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்தே வருகிறார்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பிலிருந்து குழுவில் இருக்கும் அம்மா யார் என்று தலைமையாசிரியரிடம் (ஹெச்.எம்.) கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தெரு முனையில் நின்று தமிழிலேயே விஷயத்தைச் சொல்லக்கூடிய ஒருவராக அவர் இருக்க வாய்ப்பு அதிகம்.

ஆதாரில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் ஒரு பெயர் என்கிறார்கள். என்ன செய்வது?

தமிழ்க் குடும்பங்களுக்கு இருப்பதிலேயே பெரிய தலைவலி இது. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகப் போடுவோம். தெலுங்கு வழக்கில் 'இண்டிபேரு' என்ற வீட்டுப்பெயர் முன்னால் வரும். முருகேசனின் மகன் கார்த்திக் என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'கார்த்திக் எம்' என்று இருக்கும். சேர்க்கை நாளில் "இண்டிபேரு என்ன?" என்று கேட்டிருப்பார்கள், அப்பா தன் பெயரைச் சொல்லியிருப்பார், பதிவேட்டில் 'முருகேசன் கார்த்திக்' என்று ஏறியிருக்கும். கணினிக்கு இவர்கள் இரண்டு பேர்.

மாணவர்களுக்கு இப்போது கொடுக்கப்படும் 12 இலக்க 'அபார்' எண் உருவாக வேண்டுமானால் இரண்டு பெயரும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் பள்ளியிலிருந்து திரும்பத் திரும்பச் செய்தி வரும். பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயரை அடிப்படையாக வைத்து, எது தவறோ அதைத் திருத்துங்கள். பள்ளிப் பதிவேட்டில் தவறென்றால் ஹெச்.எம்.முக்கு எழுத்து மூலம் மனு கொடுங்கள். ஆதாரில் தவறென்றால் ஆதார் மையம். தொடக்கப் பள்ளியில் இருக்கும்போதே இதை முடித்துவிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் பெயர் ஏறிய பிறகு திருத்துவது பெரும்பாடு.

அபார் எண் பெற்றோரின் சம்மதத்தின் பேரில்தான் உருவாக்கப்படுகிறது. சம்மதப் படிவம் தெலுங்கில் இருந்தால், என்ன எழுதியிருக்கிறது என்று ஆசிரியரைப் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

"ஆதார் அப்டேட் செய்யுங்கள்" என்று ஏன் வருகிறது? ஏற்கெனவே ஆதார் இருக்கிறதே?

ஐந்து வயதுக்கு முன் எடுத்த நீல நிற ஆதாரில் கைரேகையும் கருவிழிப் பதிவும் இருக்காது. ஐந்து வயது முடிந்ததும் அவற்றைப் பதிய வேண்டும். ஏழு வயதுக்குள் போனால் கட்டணம் கிடையாது. அதற்கு மேலும் செய்யாமல் விட்டால் எண் முடக்கப்படலாம். ஆதாரே இல்லாத குழந்தையை என்ன செய்வது என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று பதில் சொல்லிவிட்டது: பள்ளிச் சேர்க்கைக்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது.

தல்லிகி வந்தனம் பணம் பக்கத்து வீட்டுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. ஏன்?

பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்க்குப் பணம் தரும் 'அம்ம ஒடி' திட்டம் 2020 ஜனவரி 9 அன்று சித்தூரில்தான் தொடங்கப்பட்டது. ஆட்சி மாறி, அதன் இடத்தில் 2025 ஜூனில் 'தல்லிகி வந்தனம்' வந்தது. ஒரு பிள்ளைக்கு 15,000 ரூபாய் என்று கணக்கு. அதில் 2,000 ரூபாயைப் பள்ளிப் பராமரிப்புக்கு எடுத்துக்கொண்டு 13,000 ரூபாயைத் தாயின் வங்கிக் கணக்கில் போட்டார்கள். வீட்டில் படிக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு என்பதுதான் பழைய திட்டத்திலிருந்து பெரிய மாற்றம்.

வராமல் போவதற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள். பிள்ளையின் வருகை 75 விழுக்காட்டுக்குக் கீழே போயிருக்கலாம். தாயின் வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைக்கப்படாமல் இருக்கலாம். மாதம் 300 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகியிருக்கலாம். ஒரே மீட்டரில் இரண்டு குடித்தனம் இருக்கும் வாடகை வீடுகள் இதில் மாட்டிக்கொள்கின்றன. நான்காவது, ரேஷன் கார்டு. தமிழ்நாட்டுக் கார்டை வைத்துக்கொண்டு இங்கே குடியிருப்பவர்களுக்கு இந்தப் பட்டியலில் இடம் கிடைப்பது கடினம். கார்டை ஆந்திரத்துக்கு மாற்றிக்கொள்வதை முதலில் முடித்தாக வேண்டும்.

பயனாளிகள் பட்டியலைக் கிராம சச்சிவாலயத்தில் பார்க்கலாம். பெயர் இல்லாவிட்டால் காரணமும் அங்கே தெரியும், மனுவும் அங்கேயே கொடுக்கலாம். வகுப்பு ஆசிரியரைக் கோபித்துக்கொள்வதில் பயனில்லை. வருகைக் கணக்கைச் சரிபார்த்துச் சொல்வது மட்டும்தான் அவர் கையில் உள்ளது.

பை, ஷூ, சீருடைக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். அரசுப் பள்ளிகளில் பை, நோட்டுகள், மூன்று செட் சீருடைத் துணி, ஷூ, பெல்ட் அடங்கிய தொகுப்பு இலவசம். இப்போது அதற்கு 'சர்வேபள்ளி ராதாகிருஷ்ணன் வித்யார்த்தி மித்ரா' என்று பெயர். ராதாகிருஷ்ணன் பிறந்த திருத்தணி 1960 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. சிறுவனாக அவர் திருப்பதியிலும் படித்தார். இந்தப் பகுதித் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவர் பெயரைத் தாங்கிய பை கிடைப்பது எனக்கு மகிழ்ச்சியாகவே இருக்கிறது. ஷூ அளவு பொருந்தாவிட்டால் உடனே ஹெச்.எம்.மிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் பிள்ளை ஆண்டு முழுக்கச் செருப்போடுதான் போகும்.

மழைக்காலத்தில் விடுமுறைச் செய்தியை எப்படி நம்புவது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரை இது அடிக்கடி வரும் குழப்பம். 2021 நவம்பரில் சுவர்ணமுகி பெருக்கெடுத்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நம் வீடுகளில் தமிழ்த் தொலைக்காட்சி ஓடும். 'திருவள்ளூர் மாவட்டப் பள்ளிகளுக்கு விடுமுறை' என்று எழுத்து ஓடியதும் பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். அந்த அறிவிப்பு நமக்குப் பொருந்தாது. ஏர்பேடு 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. சித்தூர் கலெக்டரின் அறிவிப்பும் இப்போது நமக்கானது அல்ல. திருப்பதி மாவட்டக் கலெக்டர் அறிவித்தாரா, எந்தத் தேதிக்கு என்று மட்டும் பாருங்கள். சென்ற ஆண்டின் அறிவிப்பைத் தேதி பார்க்காமல் அனுப்பிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

மதியச் சாப்பாட்டைப் பெற்றோர் போய்ப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பார்க்க வேண்டும். கோதாவரிப் பக்கத்தில் பசித்தவர்க்கெல்லாம் சோறு போட்ட டொக்கா சீதம்மாவின் பெயரில் இப்போது இந்தத் திட்டம் நடக்கிறது. 2025 ஜூன் முதல் சன்ன அரிசிச் சோறு. தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளையில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்பது நாடு முழுவதற்குமான அளவு. முட்டை, கடலை மிட்டாய், ராகிக் கஞ்சி எந்தெந்த நாளில் என்பதைப் பள்ளியில் கேட்டு வைத்துக்கொண்டால், பிள்ளையிடம் சரியாக விசாரிக்கலாம். சமைக்காமல் விட்ட நாளுக்குத் தானியமும் பணமும் ஈடாகத் தர வேண்டும் என்று 2015ஆம் ஆண்டின் மதிய உணவு விதிகள் சொல்கின்றன. இந்த விதி பெற்றோரில் பலருக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்குக் கூலியை விட்டுவிட்டுப் போக வேண்டுமா?

2024 டிசம்பர் 7 அன்று மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் அனைத்திலும் ஒரே நாளில் பெற்றோர்–ஆசிரியர் கூட்டம் நடந்தது. 2025 ஜூலை 10 அன்று மறுபடியும். கோலம், மேடை, பேச்சு எல்லாம் இருக்கும். நீங்கள் போவது அதற்காக அல்ல, வகுப்பு ஆசிரியரோடு தனியாக ஐந்து நிமிடம் பேசுவதற்காக. ஒரு நாள் கூலி போனாலும் போகலாம் என்பேன். மதிப்பெண் அட்டையை வாங்கி மடித்து வைத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். "என் பிள்ளையைத் தெலுங்குப் பாடத்தில் ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்க டீச்சர், கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு ஒண்ணு போடச் சொல்லுங்க" என்று கேளுங்கள். உங்களுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாவிட்டாலும் பிள்ளை தடுமாறுகிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

நடு ஆண்டில் வந்திருக்கிறோம், மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) இன்னும் கைக்கு வரவில்லை. சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். டி.சி. தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்க முடியாது.

எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித்தரக் கேட்க முடியுமா?

முடியும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறுவதற்கு மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குப் போதிய வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என்று 1956இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350ஏ பிரிவு சொல்கிறது. அதற்கும் முன்பே, 1949இல் கூடிய மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு ஒரு கணக்கை வகுத்தது: பள்ளி முழுவதிலும் 40 பேரோ ஒரு வகுப்பில் 10 பேரோ அந்த மொழி பேசுகிறவர்களாக இருந்தால் ஒரு ஆசிரியரையாவது நியமிக்க வேண்டும். எல்லையோரத்தில் நகரி, சத்தியவேடு பக்கம் தமிழ் வழிப் பள்ளிகள் நிலைத்திருப்பதற்கு, அங்கே பெற்றோர் விடாமல் பிள்ளைகளைச் சேர்த்ததே பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஏர்பேட்டில் எத்தனை வீட்டில் தமிழ் பேசுகிறார்கள் என்பது பள்ளிக்குத் தெரிவதற்கு ஒரு வழி இருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் 'தாய்மொழி' என்ற கட்டத்தில் பலர் தெலுங்கு என்றே எழுதிவிடுகிறார்கள், அல்லது எழுதுகிறவர் அப்படிப் போட்டுவிடுகிறார். அதைத் தமிழ் என்று திருத்தக் கேளுங்கள். பிறகு பத்துப் பெற்றோர் கையெழுத்திட்டு, பிள்ளையின் பெயர், வகுப்பு, சேர்க்கை எண் ஆகியவற்றோடு மண்டலக் கல்வி அதிகாரிக்கு மனு கொடுங்கள். மனு பெற்றதற்கான முத்திரையைப் போட்ட நகல் ஒன்றைக் கையோடு வாங்கி வையுங்கள். முக்கியமான அறிவிப்புகளைக் குரல் பதிவாகவோ தமிழிலோ தர வேண்டும் என்ற கோரிக்கையையும் அதே மனுவில் சேர்த்துக்கொள்ளலாம்.