நம் ஊர்க் காகிதம் எழும்பூரில் இருக்கிறது

பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் பதில், "பழைய பதிவேடு இல்லை" என்பதுதான். யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேடு கிழிந்துவிட்டது, கரையான் தின்றுவிட்டது என்பார்கள். மனுதாரரும் அத்தோடு வீடு திரும்பிவிடுகிறார். ஆனால் ஒரு கிராமத்தைப் பற்றிய காகிதம் தாலுகா அலுவலகத்தில் மட்டுமே இருந்ததில்லை.

செங்கல்பட்டையே எடுத்துக்கொள்வோம். 1891-ல் இம்மாவட்ட ஆட்சியர் திரமென்ஹீர் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30-ல் வந்த 1010-ம் எண் அரசாணையும், 12 லட்சம் ஏக்கர் என்ற கணக்கும் எல்லா மேடைகளிலும் பேசப்படுகின்றன. அறிக்கையைப் படித்தவர்கள்தான் குறைவு. தரிசு நிலம் கேட்டு தர்காஸ்து மனு போட்டால் மிராசுதார் எப்படித் தடுத்தார், குடியிருக்கும் மனைக்கட்டே அவர் கையில் இருந்ததால் படியாள் ஏன் வாய் திறக்க முடியவில்லை என்பதெல்லாம் அதில் இருக்கிறது. எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் வருவாய்த் துறைத் தொகுப்புகள் இதைத் தேட வேண்டிய இடம். அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய காஞ்சிபுரத்தையும் திருவள்ளூரையும் சேர்த்தது. ஆட்சியர் அலுவலகம் சைதாப்பேட்டையில் இருந்தது. இது தெரியாமல் இன்றைய மாவட்டப் பெயரை வைத்துத் தேடினால் கிடைக்காது.

அதே கட்டடத்தில் இனாம் பதிவேடுகளும் உண்டு. இனாம் என்றதும் கோயிலும் அக்ரகாரமும்தான் நினைவுக்கு வரும். ஊர் வேலை பார்த்த வெட்டியானுக்கும் தலையாரிக்கும் விட்ட மானிய நிலமும் இவ்வகைப் பதிவுகளில் வருகிறது. நமக்கு நிலமே இருந்ததில்லை என்று சொல்பவர்கள் இதை ஒருமுறை புரட்ட வேண்டும்.

1919-ல் தொழிலாளர் ஆணையர் பதவி உருவானபோது ஒடுக்கப்பட்டோர் நலனும் அவர் பொறுப்பில் வந்தது. அந்தத் துறையின் ஆண்டறிக்கைகள் வெட்டிய கிணறு, கொடுத்த மனை, தொடங்கிய பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று கணக்குச் சொல்கின்றன. படிக்கச் சலிப்பூட்டும் புத்தகம்தான். இன்று ஆக்கிரமிப்பில் இருக்கும் காலனி மனைக்கு அந்தச் சலிப்பூட்டும் வரிகள் துணைச் சான்றாகலாம்.

இன்னொரு விசித்திரம். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் தொடங்கிய 'பறையன்' இதழ்களைப் பார்ப்பதே அரிது. ஆனால் சுதேசிப் பத்திரிகைகள் என்ன எழுதுகின்றன என்று கண்காணிக்க வெள்ளை அரசு ஆங்கிலத்தில் சுருக்கம் தயாரித்தது. அந்த ரகசிய அறிக்கைகளில் 'பறையன்' எழுதியவையும் இடம்பெற்றுள்ளன. உளவு பார்த்தவர்கள் செய்த உதவி என்றே சொல்லலாம். அயோத்திதாசரின் 'தமிழன்' வேறு வழியில் தப்பியது. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் வீட்டில் காத்து வைத்ததால்தான் பிறகு அவை தொகுப்பு நூல்களாயின.

மிஷனரிகளின் காகிதத்தையும் விடக்கூடாது. சிங்கப்பெருமாள் கோயில் அருகே மெல்ரோசாபுரத்தை உருவாக்கிய ஆதம் ஆண்ட்ரு போன்றவர்கள் நிலமற்ற மக்களுக்காக அரசோடு வாதாடியவர்கள். அவர்கள் காலத்து மிஷன் இதழ்களையும் அறிக்கைகளையும் பெங்களூரு ஐக்கிய இறையியல் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் தேடலாம். தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் நாடக நோட்டீசு, அழைப்பிதழ் வரை சேர்த்து வைத்திருக்கிறார்கள்.

1994 அக்டோபரில் காரணை பஞ்சமி நிலத்துக்காகப் போராடிய ஜான் தாமஸும் ஏழுமலையும் செங்கல்பட்டில் துப்பாக்கிச்சூட்டில் உயிரிழந்தனர். நிலம் யாருடையது என்ற கேள்விக்கு அவ்வளவு விலை கொடுத்த மாவட்டம் இது. மனு எழுதத் தெரிந்த பிள்ளைகள் இன்று ஒவ்வொரு காலனியிலும் இருக்கிறார்கள். காப்பகத்துக்குப் போகும் பழக்கம்தான் இன்னும் வரவில்லை.

போவதற்கு முன் கிராமத்தின் பழைய பெயர், அன்றைய தாலுகா, பழைய புல எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய உட்பிரிவு எண்ணை மட்டும் கொண்டுபோனால் அங்கே பயன்படாது. பதிவேட்டில் குறிப்புக் கலத்தில் 'டி.சி.' அல்லது 'நிபந்தனை' என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கையால் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள். சான்றிட்ட நகலுக்கு அன்றே விண்ணப்பியுங்கள்.