தோள் வலிமை தகர டப்பாவில் இல்லை!

பாலக்காடு: பழைய ஆட்கள் 'ஒலவக்கோடு' என்று சொல்லும் பாலக்காடு ஜங்ஷனுக்கு அருகே, நான் தங்கியிருக்கும் லாட்ஜில் போடிநாயக்கனூர்த் தம்பி ஒருவர் இருக்கிறார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். சுத்த சைவம். ஜிம்முக்குப் போகத் தொடங்கிய இரண்டாம் மாதமே மூவாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு புரோட்டீன் பவுடர் டப்பா வாங்கி வந்துவிட்டார். அந்த மாதம் ஊருக்கு அனுப்பும் பணத்தில் அவ்வளவும் குறைந்தது.

"என்ன அண்ணே செய்ய? கறி, மீன் தின்னாதவனுக்கு உடம்பு ஏறாதுன்னு சொல்றாங்க" என்றார்.

இப்படி நினைப்பவர் அவர் ஒருவர் மட்டுமல்ல. உண்மை என்ன என்று பார்ப்போம்.

எவ்வளவு வேண்டும்?

சாதாரண ஆளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த கணக்கு. அறுபது கிலோ ஆளுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்து தசை ஏற்ற விரும்புவோருக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை. அதாவது 72 முதல் 96 கிராம். அதற்கு மேல் தின்பதால் கூடுதல் தசை பெரிதாக வளர்வதில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரோட்டீன் பவுடர்களைத் தவிர்க்கவே சொல்கிறது.

கடையில் என்ன கேட்பது?

நூறு கிராம் பருப்பு, பயறு எதுவானாலும் சுமார் 20 கிராம் புரதம் உண்டு. நிலக்கடலையில் சுமார் 24. எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்யும் மீல்மேக்கரில் சுமார் 50.

புதிதாக வந்தவர்களுக்கு ஒரு குறிப்பு: இங்கே கொள்ளுக்கு 'முதிர' என்று பெயர். பாசிப்பயறு 'செறுபயர்'. கொண்டைக்கடலை 'கடல'. நிலக்கடலை 'கப்பலண்டி'. பெயர் தெரியாமல் திரும்பி வராதீர்கள்!

அரிசிப் புரதத்தில் குறைவது பருப்பில் இருக்கிறது. பருப்பில் குறைவது அரிசியில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் குறை தீரும். இந்நாட்டுப் புட்டும் கடலையும், கஞ்சியும் பயறும், நம் இட்லியும் அந்தக் கூட்டணிதான். ஆனால் நம்மவர் தட்டில் சோறு மலை, பருப்போ தண்ணீர். தானியம் மூன்று பங்கென்றால் பருப்பு ஒரு பங்கு வேண்டும்.

ஒரு நாள் கணக்கு

அரிசி 300 கிராம், கோதுமை மாவு 100, பருப்பும் கடலையும் சேர்த்து 100, நிலக்கடலை 50, மீல்மேக்கர் 30. எல்லாம் சமைக்காத எடை. இவற்றிலேயே 80 கிராம் புரதம் கிடைத்துவிடும். மூன்று வேளைக்கும் பிரித்து உண்ண வேண்டும். பயறை இரவே ஊறவைத்து வேகவைத்தால் வாயுத் தொல்லை குறையும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

அட்டப்பாடி சொல்லும் பாடம்

நம் மாவட்டத்து அட்டப்பாடி மலையில் ஆதிவாசி மக்கள் ராகி, சாமையோடு துவரையும் அவரையும் விதைத்தவர்கள். அந்தச் சாகுபடி சுருங்கிய காலத்தில், 2013-இல், சத்துக்குறைவால் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மாண்ட செய்தி நாட்டையே உலுக்கியது. அதே அட்டப்பாடித் துவரைக்கும் ஆட்டுக்கொம்பு அவரைக்கும் 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மண்ணில் விளையும் சத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மூணாறு, வட்டவடைப் பக்கம் உழைக்கும் நம் மக்களுக்கும் ஒரு வார்த்தை. பச்சை பீன்ஸில் புரதம் சொற்பம். முற்றிய விதையில்தான் அதிகம். மூட்டை சுமப்பவருக்கு ஜிம் தேவையில்லை. வயிறார உணவும் நல்ல தூக்கமும் தேவை. பட்டினியோடு பாரம் தூக்கினால் உள்ள தசையும் கரையும்.

லாட்ஜ் தம்பி இப்போது இரவில் கடலை ஊறவைக்கிறார். தோள் ஏறியதா என்று சொல்ல இன்னும் சில மாதம் ஆகும். ஊருக்குப் போகும் பணம் மட்டும் பழையபடி முழுதாகப் போகிறது. காலியான அந்த டப்பாவில் இன்று கப்பலண்டி இருக்கிறது.