நீரிழிவும் கண்ணொளியும்

தறியில் அறுந்த இழையைக் கண்டு பிணைப்பதற்கும், இலையில் பூச்சி விழுந்ததைக் காலத்தில் அறிவதற்கும் கண்ணே முதலாகும். அக்கண்ணை நாமறியாமலே கெடுக்க வல்லது நீரிழிவு நோய்.

கண்ணின் பின்புறத்தில் விழித்திரை என்னும் மெல்லிய படலம் உளது. இரத்தத்தில் சர்க்கரை பல்லாண்டு மிகுந்திருப்பின், அத்திரையின் நுண்ணிய இரத்த நாளங்கள் நலிந்து கசியும், சில அடைபடும். பின்னர்ப் புதிதாக முளைக்கும் நாளங்கள் வலுவற்றவை. அவை உடைந்து கண்ணினுள் இரத்தம் பரவினால் பார்வை திடீரென மறையக்கூடும். தொடக்கத்தில் வலியுமில்லை, மங்கலுமில்லை. ஆதலின், "நன்றாகத்தானே தெரிகிறது" என்று வாளாவிருத்தல் தகாது. மூக்குக் கண்ணாடியை மாற்றுவதாலும் இக்கேடு நீங்காது.

சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தினால் இக்கேடு குறையும் என்பதை 1998-ஆம் ஆண்டில் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி மெய்ப்பித்தது. மருந்தை ஒழுங்காக உட்கொள்ளலும், அளவான உணவும், நாள்தோறும் நடத்தலும், புகைபிடித்தலை விலக்கலும் நம் கையிலுள்ளவை.

நடுவயதில் நீரிழிவு கண்டோர், நோய் தெரிந்தவுடனும் பின்பு ஆண்டுக்கொரு முறையும், சொட்டு மருந்தினால் கண்மணியை விரியச் செய்து விழித்திரையைச் சோதித்துக்கொள்ளல் வேண்டும். மருந்திட்டபின் சில மணி நேரம் பார்வை மங்கும். அன்று தறியில் அமர இயலாது. ஒரு நாட்கூலிக்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளிப் போடற்க. லேசர் ஒளியும் ஊசி மருந்தும் இருக்கும் பார்வையைக் காக்கும். இழந்ததை முழுதும் மீட்டல் அரிது.