உறையைப் பிரிக்கலாமா?

புனித அல்போன்சம்மாளின் பிறப்பு நூற்றாண்டையொட்டி 2009-இலும், புனித அன்னை தெரேசாவின் நூற்றாண்டையொட்டி 2010-இலும் இந்திய அரசு நினைவு நாணயங்களை வெளியிட்டது. நாணயச் சாலைகள் அவற்றை முத்திரையிட்ட உறைகளில் விற்றன. ஞானத்தாய் ஒருவர் அதனைப் புதுநன்மைப் பரிசாக அளித்தால், உறையைப் பிரித்துப் பிள்ளையின் கையில் கொடுக்கலாமா?

அவசரப்பட வேண்டாம் என்போம். 100 ரூபாய் நாணயத்தில் பாதி வெள்ளி; 40 விழுக்காடு செம்பு. வெள்ளிக்குப் பகை கந்தகம். சிவகாசி வட்டாரத்தாருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மருந்து கலந்துவிட்டு வீடு திரும்புவோரின் கையிலும் உடையிலும் கந்தகத் தூள் ஒட்டியிருக்கும். அது பட்ட வெள்ளி கறுக்கும். கறுத்ததே என்று புளியோ சாம்பலோ இட்டுத் துலக்கினால் நாணயச் சாலை அளித்த மெருகே போய்விடும். சேகரிப்போர் அதனை மதியார். ரப்பர் வளையத்தால் கட்டுவதும் ஆகாது, அதிலும் கந்தகமுண்டு.

ஆயினும் எல்லா உறையும் காவலன்று. மென்மையான பி.வி.சி. உறை நாட்பட்டால் நாணயத்தின்மேல் பச்சைப் பிசுக்கு படியும். அதனைக் கண்டால் பிரித்தே ஆகவேண்டும். கைகளை நன்கு கழுவித் துடைத்து, விளிம்பை மட்டும் பிடித்து, கடினமான கண்ணாடி போன்ற கூட்டுக்கு மாற்றுக.

பிள்ளை தொட்டுப் பார்க்க ஆசைப்படுமே! நியாயந்தான்; பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் புனிதரை அது எங்ஙனம் அறியும்? அதற்கென்றே அவ்விருவர் உருவமும் பொறித்த 5 ரூபாய் நாணயங்கள் உள்ளன. அவை கடைத்தெருவில் புழங்கியவையே.